வீட்டு விஞ்ஞானம்: மூன்று கால் பிராணி

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, பாலில் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, இன்வெர்ட்டர் பாட்டரிக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் வார்ப்பது என்பன போன்ற குடும்ப விசாரங்களாகவே இருக்கும். இவ்வாரம் வந்த கடிதம் ஒன்று வேறு ரகம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் தென்னையும் மாவுமாகச் சிறிது தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துத் தாயார் அதை எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்:

“என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கைபேசியைப் பார்த்துப் பார்த்து, டிரான்ஸிஸ்டர் என்னும் சாமானை வைத்து ஏதேதோ கோக்கிறாள். தோப்பில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கூவும்படி ஒரு கருவி செய்து அவள் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டுமாம். இதுவரை மூன்று டிரான்ஸிஸ்டர்கள் கருகிப் போயின, ஒன்றும் கூவவில்லை. வீட்டுப் பெரியவர்கள், ‘இதெல்லாம் இஞ்சினீயரிங் காலேஜில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெண்பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம்?’ என்கிறார்கள். நான் தடுப்பதா, விடுவதா?”

அம்மணி, தடுக்காதீர்கள். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மூன்று டிரான்ஸிஸ்டர்கள் கருகியதில் நஷ்டம் ஒரு வேளைக் காப்பிச் செலவுகூட இராது. அவை ஏன் கருகின என்று தங்கள் குமாரத்திக்குத் தெரியாமல் இருப்பதுதான் நஷ்டம். நாலாவதும் அதே காரணத்தால் கருகும். அந்தக் காரணத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காண அவள் கற்றுக்கொண்டுவிட்டால், காலேஜில் கற்பிக்கும் பாடத்தில் ஒரு பெரும் பங்கை இந்த விடுமுறையிலேயே கடந்தவள் ஆவாள்.

டிரான்ஸிஸ்டர் என்றவுடன் நம் தென்பாண்டி நாட்டில் வயதானவர்களுக்கு நினைவு வருவது ஒரு தோல் உறை போட்ட ரேடியோப் பெட்டி. தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் அதை மரக்கிளையில் மாட்டிவிட்டு இலங்கை வானொலி கேட்பார்கள். 1963-ஆம் வருஷம் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகு அதையும் கேட்பார்கள். உண்மையில் டிரான்ஸிஸ்டர் என்பது அந்தப் பெட்டியின் பெயர் அன்று. அதற்குள் குடியிருந்த மூன்று கால் பிராணியின் பெயர். குடியிருப்பவன் பெயரை வீட்டுக்கு வைத்து அழைத்தோம், அவ்வளவே.

இந்தப் பிராணி பிறந்தது 1947-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி. நாம் சுதந்திரக் கொடி ஏற்றிய நான்காவது மாதம். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டெயின் என்னும் இருவர் அதை முதன்முதலில் வேலை செய்ய வைத்தார்கள். அந்த முதல் டிரான்ஸிஸ்டரின் படத்தைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் துண்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டி, அதன் முனையைப் பிளேடால் கீறிப் பிளந்து, ஒரு கம்பிச் சுருளால் ஜெர்மானியம் என்னும் கல்லின் மேல் அழுத்தி வைத்திருந்தார்கள். தங்கள் குமாரத்தி சமையலறை மேஜையில் கோத்து வைத்திருப்பதைவிட அது அழகாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில வாரங்களுக்குள் அவர்களுடைய தலைவரான வில்லியம் ஷாக்லி, இன்னும் உறுதியான வேறொரு வகையைக் கற்பனை செய்தார். 1956-ஆம் வருஷம் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. கல்லின் மேல் உலோக முனையை வைத்து மின்னலைகளைக் கண்டறியலாம் என்று காட்டியவர் கல்கத்தா பிரஸிடென்ஸிக் கலாசாலையின் ஆசிரியர் ஜகதீச சந்திர வசு. ஈயமும் கந்தகமும் சேர்ந்த ‘கலீனா’ என்னும் கனிமத்தை அவர் பயன்படுத்தினார். 1901-இல் விண்ணப்பித்த அந்தக் கண்டுபிடிப்புக்கு 1904-ஆம் வருஷம் மார்ச் 29-ஆம் தேதி அமெரிக்க சர்க்கார் உரிமைப் பத்திரம் வழங்கியது. அவருக்கோ பத்திரத்தில் விருப்பம் இல்லை. அறிவை விற்பதாவது என்ற எண்ணம். சகோதரி நிவேதிதையும் ஸாரா புல் என்ற அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரிலேயே விண்ணப்பித்தார். டிரான்ஸிஸ்டரைச் செய்த பிராட்டெயினே பிற்காலத்தில், கல்லை இப்படிப் பயன்படுத்தியதில் முதல்வர் வசுவே என்று ஒப்புக்கொண்டு எழுதினார். வசுவுக்குக் கருவிகள் சீமையிலிருந்து வந்து இறங்கவில்லை. தகரவேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டியவற்றை அங்கேயே செய்வித்துக்கொண்டார்.

பழைய பெருமை போதும். இனி மேஜைக்கு வருவோம்.

தங்கள் குமாரத்தி வாங்கியிருப்பது அநேகமாக பி.சி.547 என்னும் ரகமாக இருக்கும். கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உடல். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பாடப் புத்தகத்தில் இவற்றை ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என்று எழுதியிருக்கும். (கலெக்டர் என்றதும் ஜில்லா கலெக்டரைப் போல் இவரே எஜமானர் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே உத்தரவு போடுகிறவர் நடுவில் நிற்கும் பேஸ்.) அமெரிக்காவில் அதிகம் வழங்கும் 2என்3904 என்னும் ரகத்தில் வரிசை தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கைபேசியில் பாடம் சொல்கிறவர் அதை வைத்துக் காட்ட, நம் பிள்ளைகள் 547-ஐ வைத்து அப்படியே கோத்தால், கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிடும். அப்போதும் பிராணி அடியோடு செத்துப் போகாது. நோயாளியைப் போல் கொஞ்சம் வேலை செய்யும். கற்கிறவர்களை மிகவும் குழப்புவது இந்த அரைகுறை வேலைதான்.

இது செய்யும் வேலை என்ன? நம் பக்கத்துக் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடை திறப்பவர் ஒருவர் தம் கை பலத்தால் பலகையைச் சிறிது உயர்த்துகிறார். அதன் வழியே நூறு ஏக்கருக்கு நீர் பாய்கிறது. பேஸில் நுழையும் சிறிய மின்னோட்டம் அந்தக் கை. கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாயும் பெரிய ஓட்டம் அந்த நீர். டிரான்ஸிஸ்டர் மின்சாரத்தைப் ‘பெருக்குகிறது’ என்று சொல்வது வழக்கம். அது கொஞ்சம் ஏமாற்றும் வார்த்தை. மடை திறப்பவர் நீரை உண்டாக்குவதில்லை. கண்மாயில் இருந்தால்தான் பாயும். இங்கே கண்மாய், பாட்டரி.

இந்த உவமை ஓரிடத்தில் உதவாது. அவ்விடத்தில்தான் மூன்று டிரான்ஸிஸ்டர்கள் கருகியிருக்கின்றன என்று ஊகிக்கிறேன். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது. சுமார் 0.6 வோல்ட் வரும்வரை அது திறப்பதே இல்லை. திறந்துவிட்டாலோ, 0.7 வோல்ட்டுக்கு மேல் தன்மீது சுமத்த விடாது. அதற்கு மேல் தள்ளினால் ஓட்டம் கரைபுரண்டு ஏறும். 9 வோல்ட் பாட்டரியின் மிகைமுனையை நேராகப் பேஸில் தொட்டுவிட்டால், அந்த வாசலுக்கு வேண்டியது 0.7, மீதி 8.3 வோல்ட்டைத் தாங்க வழியில் ஒருவரும் இல்லை. அந்தச் சிறிய உடலுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற பாகங்கள் நொடியில் வெந்து போகும். ஆகையால் பேஸுக்கு முன்னால் ஒரு ரெஸிஸ்டர் காவல் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய ரெஸிஸ்டர் என்பதைப் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் கணக்குப் போட்டு அறிவதுதான் இந்த வித்தையின் முதல் படி.

அந்தக் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9-இல் 2 போக 7. பாட்டரியின் மிகைமுனையிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து 470 ஓம் ரெஸிஸ்டர், அதிலிருந்து கலெக்டர் என்று கோத்து, எமிட்டரைக் குறைமுனையில் சேர்த்தால், டிரான்ஸிஸ்டர் முழுதும் திறந்திருக்கும்போது 7-ஐ 470-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும். பி.சி.547 தாங்கக்கூடியது 100 வரை, கவலை இல்லை. இனிப் பேஸ். மடையை முழுதும் திறக்க, பெரிய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ கொடுப்பது தாராளம். பேஸ் வழியில் 10,000 ஓம் வைத்தால், 8.3-ஐ 10,000-ஆல் வகுக்க 0.83 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. 15-இல் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. சரியாயிற்று.

இவ்வளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுதட்டும். பிறகு கோக்கட்டும். அதற்குப் பிறகு மல்ட்டிமீட்டரால் அளந்து, எழுதியதற்குப் பக்கத்திலேயே அளந்ததையும் எழுதட்டும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.7-க்குச் சற்று ஏறவோ இறங்கவோ காட்ட வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.1 அல்லது 0.2 வோல்ட்டே இருக்க வேண்டும். மடை முழுதும் திறந்ததற்கு அதுவே அடையாளம். எழுதியதும் அளந்ததும் ஒத்துப் போனால் ஒரு சந்தோஷம். ஒத்துப் போகாவிட்டால் அதைவிட லாபம். ஏனெனில் எங்கே தவறு என்று தேடும் அந்த அரை மணி நேரத்தில் கற்பதை எந்த உபாத்தியாயரும் கற்பிக்க முடியாது. கைபேசிப் பாடத்தைப் பார்த்துக் கோக்கும் பிள்ளைகள் இதைத்தான் இழக்கிறார்கள். விளக்கு எரிந்தால் கைதட்டல். எரியாவிட்டால் வேறொரு பாடம் தேடல். எரிந்ததும் ஏன் என்று தெரியாது, எரியாததும் ஏன் என்று தெரியாது.

அடுத்த பிரயோகம் எனக்கு மிகவும் பிடித்தது. 10,000 ஓமை எடுத்துவிட்டு, பத்து லட்சம் ஓம் ரெஸிஸ்டரைப் பேஸ் வழியில் வையுங்கள். இப்போது பேஸுக்குப் போவது வெறும் 8.3 மைக்ரோ ஆம்பியர். விளக்கு மங்கிவிடும். 470 ஓம் ரெஸிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே அளந்தால், ஒருவேளை 0.78 வோல்ட் காட்டலாம். அதை 470-ஆல் வகுத்தால் 1.66 மில்லி ஆம்பியர். அதாவது பேஸில் போனதைப் போல் இருநூறு மடங்கு. மெச்சிக்கொண்டு, அதே பொட்டலத்திலிருந்து இன்னொரு 547-ஐ எடுத்துச் செருகுங்கள். இது முந்நூறு மடங்கு காட்டலாம். மூன்றாவது இன்னொரு விதம் பேசும். செய்கிறவர்களே இந்த ரகத்துக்கு 110 முதல் 800 மடங்கு வரை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து விற்றாலும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒன்றுக்கு இரண்டாக வித்தியாசம் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

ஆகவே, ‘என் டிரான்ஸிஸ்டர் இருநூறு மடங்கு பெருக்கும்’ என்று நம்பிச் செய்த கருவி, வேறொரு டிரான்ஸிஸ்டர் போட்டதும் கெட்டுப் போகும். புதிதாகக் கற்பவர்கள் பலர் மனம் உடைந்து நிறுத்திவிடுவது இங்கேதான். தமக்குக் கைராசி இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தோஷம் ராசியில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. தனித்தனிப் பிராணியின் குணத்தை நம்பியிராமல் இருக்கும்படி அமைப்பை வகுப்பதே இக்கலையின் உயிர்நாடி. விளக்கை எரித்தபோது நாம் செய்தது என்ன? பேஸுக்கு வேண்டியதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம் கொடுத்துவிட்டோம். அதனால் சோம்பேறி 547-ஆனாலும் சுறுசுறுப்பான 547-ஆனாலும் முழுதும் திறந்தே தீரும். அது ஒரு வழி. மற்றொரு வழியைப் பிறகு சொல்கிறேன்.

இடையே ஒரு வார்த்தை. காலேஜுக்குப் போகாமல் இதைக் கற்க முடியுமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்லலாம். அமெரிக்காவில் பாரஸ்ட் மிம்ஸ் என்று ஒருவர். அவர் சர்வகலாசாலையில் படித்தது அரசியல். மின்னணுவியலைத் தாமே கற்றுக்கொண்டார். 1983-இல் அவர் ஆரம்பப் பாடங்களைத் தம் கையெழுத்திலும் கைச்சித்திரத்திலுமே எழுதி வெளியிட்ட நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மற்றவர் நம் நாட்டவர். ஹைதராபாத் நகரத்து அஷ்ஹர் பர்ஹான். தொழில், கணினிக்கு நிரல் எழுதுவது. பொழுதுபோக்கு, அமெச்சூர் ரேடியோ. அதாவது சர்க்கார் அனுமதி பெற்றுத் தம் வீட்டிலிருந்தே கடல் கடந்தவர்களோடு பேசும் வித்தை. அதற்கான கருவிகளைச் சீமையிலிருந்து வாங்குவதானால் விலை ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் மலிவான டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டே பேசவும் கேட்கவும் கூடிய ஒரு கருவியை வகுத்து, அதன் படத்தையும் கணக்கையும் உலகத்தாருக்கு இலவசமாக வெளியிட்டார். ‘பிட்எக்ஸ்’ என்று அதற்குப் பெயர். கம்பிச் சுருள் சுற்றுவதற்கான விசேஷ வளையங்கள் இங்கே கிடைப்பது அரிது என்று கண்டு, தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷர்களின் மேல் சுற்றச் சொன்னார்! பல தேசங்களில் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்தார்கள். கருவியைவிட அவர் எழுதிய விளக்கமே எனக்குப் பெரிது: ஒவ்வொரு பகுதியிலும் இந்த ரெஸிஸ்டர் ஏன், இந்த அளவு ஏன் என்று காரணம் சொல்லிப் போகிறார். காரணம் சொல்லாத படத்தைக் கொடுப்பது, சமைத்த சோற்றைக் கொடுப்பது போல. ஒரு வேளைக்குத்தான் ஆகும்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1924-ஆம் வருஷம், இந்தியாவில் முறையான வானொலிக் கம்பெனி ஏற்படுவதற்கு மூன்று வருஷம் முன்பே, ஸி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை ராஜதானி ரேடியோ சங்கம் தோன்றி, 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-இல் சங்கம் நின்றது. கருவி சென்னை நகரசபைக்குப் போய், 1930 முதல் மறுபடியும் ஒலித்தது. டிரான்ஸிஸ்டர் இல்லாத காலம், வால்வுகளின் காலம். அப்போதும் ஆர்வமுள்ளவர்கள் காலேஜுக்காகக் காத்திருக்கவில்லை.

இக்காலத்தில் சர்க்கார் பல்லாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கி, ஸெமிகண்டக்டர்த் தொழிற்சாலைகளை நம் நாட்டில் நிறுவ முயல்கிறது. 2021-இல் அறிவித்த திட்டத்துக்கு மட்டும் 76,000 கோடி. நல்ல காரியம். ஆனால் தொழிற்சாலைச் சுவரைப் பணத்தால் எழுப்பலாம். அதற்குள் நின்று ‘இது ஏன் இப்படி நடக்கிறது?’ என்று கேட்கும் ஆட்கள், பதினைந்து வயதில் சமையலறை மேஜையில் டிரான்ஸிஸ்டரைக் கருக்கியவர்களாக இருந்தால் எவ்வளவோ நலம். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்கிற பழமொழி இந்தத் தொழிலுக்கு ஆகாது.

இனித் தொட்டி விஷயம். முன்பெல்லாம் புதிதாகக் கற்பவர்கள் முதலில் ஒரு ரேடியோ செய்வார்கள். மத்திய அலை ஒலிபரப்பு குறைந்துவரும் இந்நாளில், பாடுபட்டுச் செய்த ரேடியோவில் இரைச்சலே கேட்டு ஏமாறுவதைவிட, தொட்டிக்காரக் கருவியே நல்ல ஆரம்பம். தங்கள் குமாரத்தியின் தேர்வு நல்ல தேர்வு.

முதலில் விரலால் ஒரு சோதனை. விளக்கு எரிந்த அதே அமைப்பில், 10,000 ஓம் ரெஸிஸ்டருக்கும் பாட்டரியின் மிகைமுனைக்கும் நடுவே கம்பியைப் பிரித்து, பிரிந்த இரு முனைகளையும் ஒரு விரலால் தொடட்டும். விளக்கு மங்கலாக எரியும். உடம்பின் தடை லட்சக்கணக்கான ஓம். அதன் வழியே நுழைந்த அற்ப ஓட்டத்தையே டிரான்ஸிஸ்டர் பெரிதாக்கிக் காட்டுகிறது. 9 வோல்ட் பாட்டரியானதால் உடம்புக்கு யாதொரு தீங்கும் இல்லை. விரலை நனைத்துக்கொண்டு தொட்டால் இன்னும் பிரகாசமாக எரியும். விரலுக்குப் பதில் தொட்டி நீர் என்றால் அதுவே தங்கள் கருவி! கிணற்று நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் தாராளமாகவே மின்சாரம் கடத்தும். தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, அவற்றிலிருந்து கம்பி இழுத்து வந்தால் போதும். விளக்கையும் 470 ஓமையும் எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் சிறிய 9 வோல்ட் ‘பஸ்ஸர்’ ஒன்றை அவ்விடத்தில் வைத்தால் கூவும். வாங்கும்போது அது இழுக்கும் ஓட்டம் 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததாகப் பார்த்து வாங்கட்டும். கரண்டிகள் தப்பித் தவறி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும், 10,000 ஓம் காவலாக நிற்பதால் பேஸ் கருகாது. அந்த ரெஸிஸ்டர் ஏன் அங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டால், அவள் பதில் சொல்லட்டும்.

இவ்விடத்தில் கண்டிப்பாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லாம் பாட்டரியோடு நிற்கட்டும். கருவி நன்றாகக் கூவுகிறது என்றதும், ‘மோட்டாரையும் இதுவே நிறுத்தினால் என்ன?’ என்று தோன்றும். பம்ப்செட்டின் மின்சாரம் ஆளைக் கொல்வது. அதன் பக்கம் இந்த வயதில் போகக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேலி. செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் ஏற்பட்ட சரணாலயத்தின் வாசல். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தையும் சேர்ந்தது. இரவில் யானையும் பன்றியும் தோப்புக்கு இறங்குவதும், தென்னங்கன்றைப் பறிகொடுத்தவர் வயிறெரிவதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும், மின்சாரக் கம்பியிலிருந்து நேராக இழுத்து வேலிக்குக் கொடுப்பது குற்றம். தமிழ்நாட்டில் யானைகளும் மனிதர்களும் அப்படிப்பட்ட வேலிகளில் மாண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மின்சார வித்தை தெரியும் என்றதும் யாராவது ஓர் உறவினர், ‘வேலிக்கு ஒன்று செய்து கொடேன், கண்ணு’ என்று கேட்கக்கூடும். அப்போது மறுத்துப் பேச வேண்டியது அம்மணி, தாங்கள்தான். அந்தப் பெண் அல்ல.

முன்பு மற்றொரு வழி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக் கருவி முடிந்த பிறகு அவள் செய்து பார்க்கலாம். பாட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே 47,000 ஓமையும் 10,000 ஓமையும் வரிசையாக வைத்து (47,000 மேலே, 10,000 கீழே), இரண்டும் சேரும் இடத்தைப் பேஸுக்குக் கொடுக்க வேண்டும். 9 வோல்ட்டில் ஐம்பத்தேழில் பத்துப் பங்கு அங்கே நிற்கும். அதாவது சுமார் 1.6 வோல்ட். எமிட்டரை நேராகக் குறைமுனையில் சேர்க்காமல், நடுவே 1,000 ஓம் வைக்க வேண்டும். வாசலுக்கு 0.65 போக, எமிட்டரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் நிற்கும். 0.9-ஐ ஆயிரத்தால் வகுக்க, 0.9 மில்லி ஆம்பியர். கலெக்டருக்கு மேலே 4,700 ஓம் வைத்தால் அதில் சுமார் 4.3 வோல்ட் இறங்கி, கலெக்டரில் 4.7 வோல்ட் போல நிற்கும். இந்தக் கணக்கில் ‘எத்தனை மடங்கு’ என்ற எண் எங்காவது வந்ததா? வரவில்லை. ஓட்டம் சற்று மிகுந்தால் எமிட்டரின் வோல்ட்டேஜ் உயரும். உயர்ந்தால் பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள இடைவெளி குறையும். குறைந்தால் ஓட்டம் தானே தணியும். குதிரைக்குக் கடிவாளம் போட்டது போல. பொட்டலத்திலுள்ள பத்து 547-களையும் ஒவ்வொன்றாகச் செருகி, கலெக்டர் வோல்ட்டேஜை அளந்து எழுதட்டும். பத்து லட்சம் ஓம் வைத்தபோது ஆளுக்கொரு விதமாகப் பேசியவை இப்போது ஏறக்குறைய ஒரே விடை சொல்லும். மைக்கிலிருந்து வரும் மெல்லிய குரலைப் பெரிதாக்குவது முதல் பெரிய வேலைகள் எல்லாம் இந்த நான்கு ரெஸிஸ்டர் அமைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன.

சாமான்களுக்கு அதிகம் செலவில்லை. டிரான்ஸிஸ்டர் ஒன்று சில ரூபாய். ரெஸிஸ்டர் அதனினும் மலிவு. ஒரு மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள். அதில் மட்டும் வேண்டாம், கண்ணைக் கட்டிக்கொண்டு நெல் அளப்பது போலாகும். செருகி எடுக்கும் துளைப்பலகை ஒன்று இருந்தால் ஈயப் பற்று வைக்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் எல்லாம் வாங்கி வரலாம். இல்லாவிட்டால் தபாலில் தருவித்துக்கொள்ளலாம். பழுதான ரேடியோ, பழைய மின்விசிறி ரெகுலேட்டர் முதலியவற்றைப் பிரித்து எடுத்த சாமான்கள் முதல் பாடத்துக்கு உதவா. கெட்டதையும் நல்லதையும் பிரித்தறியத் தெரிந்த பிறகு அவற்றைத் தொடலாம்.

வேறொன்று. ஐஸ் கட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பி.சி.547-இன் மேல் வைத்துப் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே உள்ள வோல்ட்டேஜைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சிக்கும் சுமார் 2 மில்லி வோல்ட் வீதம் அது ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலிருந்து ஐஸுக்கு இறங்கும்போது ஐம்பது அறுபது மில்லி வோல்ட் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதைக் கண்டதும், இந்தப் பிராணியையே உஷ்ணமானியாக உபயோகிக்கலாமே என்று அவளுக்குத் தோன்றினால், நான் அதை முன்கூட்டிச் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கரண்டிகளைப் பற்றி ஒன்று விட்டுப் போயிற்று. நீரில் ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் உலோகத்தில் படிவு ஏறும், ஒரு கரண்டி அரிக்கவும் செய்யும். ஆகையால் மாதம் ஒரு முறை துடைத்து வைப்பதும், கூவியவுடன் மோட்டாரை நிறுத்தி, பாட்டரியின் ஸ்விட்சையும் அணைப்பதும் நல்லது. நீர் தொடாத வேளையில் கருவி பாட்டரியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு பாட்டரி பல மாதங்களுக்கு வரும்.